ஒரு சைக்கிள், ஒரு ஜோடிச் செருப்பு, கொஞ்சம் உருளைக்கிழங்கு

அயல் நாட்டுப் படம் என்றதும் நம்மில் பல பேர் சட்டென்று இரண்டடி பின்வாங்கி விடுகிறோம். “அதெல்லாம் மகா மேதாவிகள் பார்க்கிற சமாசாரம். தாடி வளர்த்துக் கொண்டு, ஜோல்னாப் பை மாட்டிக் கொண்டு, பிலிம் சொஸைட்டியில் உட்கார்ந்து தலையை ஆட்ட வேண்டும். நமக்கு எதற்கடி அம்மா?” என்று சொல்கிறவர்கள் உண்டு. என் சிநேகிதி ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போனாள். “அந்தப் படங்களில் ஒன்றுமே நடக்காதாமே! இரண்டு மணி நேரம் ஒருத்தி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக் கொண்டே இருப்பாளாம்” என்றாள்.

அவள் சொன்னதில் உண்மை அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிற படங்களும் இருக்கத்தான் இருக்கின்றன. அவற்றைத் தாடிக்காரர்களுக்கே விட்டு விடுவோம். நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யப் போவது வேறு ரகப் படங்கள். இவற்றில் வீட்டுச் சாமான் ஒன்று தொலைந்து போகிறது. அல்லது ஒரு சாமான் தேவைப்படுகிறது. கதை அவ்வளவுதான்.

“இது ஒரு கதையா?” என்று கேட்பீர்கள். நம் படங்களில் தொலைந்தால் ராஜ்யம் தொலைய வேண்டும். குறைந்த பட்சம் திருவிழாக் கூட்டத்தில் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றாவது தொலைய வேண்டும். ஒரு ஜோடிச் செருப்பு தொலைந்ததற்கு யாராவது படம் எடுப்பார்களா? ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாதம் 27-ஆம் தேதி. சம்பளம் வர இன்னும் நாலு நாள். பள்ளிக்கூடம் போன பிள்ளை வெறுங்காலோடு வாசலில் வந்து நிற்கிறான். அந்த நிமிஷம் உங்கள் மனசு எந்தக் கணக்கைக் கூட்டி எதைக் கழித்து எங்கே போய் முட்டிக் கொள்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். வீட்டுக் கணக்கு நோட்டு எழுதுகிறவர்கள்தாம் இந்தப் படங்களுக்கு உண்மையான ரஸிகர்கள் என்பது என் கட்சி.

முன்னெல்லாம் இவற்றைப் பார்க்க வேண்டுமானால், சொஸைட்டிக்குச் சந்தா கட்டி, விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கேயோ ஒரு ஹாலுக்குப் போய் மடக்கு நாற்காலியில் உட்கார வேண்டும். வீட்டுப் பெண்களுக்கு அது நடக்கிற காரியமா? இப்போது படங்கள் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து விடுகின்றன. பாஷை தெரியாதே என்ற பயமும் வேண்டாம். அடியில் ஓடும் சப்டைட்டில் முதல் கால் மணி கண்ணை உறுத்தும். அப்புறம் அது ஓடுவதே மறந்து போகும். அதிலும் இந்தப் படங்களில் பேச்சு ரொம்பக் குறைவு.

முதலில் சைக்கிள்.

1948-ஆம் வருஷம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகியும் ரோமாபுரியில் வேலை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது. ஆன்டோனியோ ரிச்சி என்பவனுக்கு அதிர்ஷ்டவசமாக ஒரு வேலை கிடைக்கிறது. சுவரில் விளம்பரப் போஸ்டர் ஒட்டும் உத்தியோகம். ஆனால் சொந்தச் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில் கிடக்கிறது. தண்ணீர் வாளிகளைத் தூக்கிக் கொண்டு வரும் மனைவி மரியாவிடம் போய்ப் புலம்புகிறான்.

அவள் பதிலுக்குப் புலம்பவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போகிறாள். கட்டிலில் கிடந்த படுக்கை விரிப்புகளை உருவுகிறாள். சீதனமாக வந்து, பிரிக்காமல் பத்திரப்படுத்தி வைத்த விரிப்புகளையும் எடுக்கிறாள். விரிப்பு இல்லாமல் படுத்தால் தூக்கம் வராதா என்ன? எல்லாவற்றையும் மூட்டை கட்டி அடகுக் கடைக்குப் போய், விரிப்பைக் கொடுத்துச் சைக்கிளை மீட்கிறார்கள். அடகுக் கடைக்காரன் அந்த மூட்டையை எடுத்துக் கொண்டு அலமாரியில் ஏறுகிறான். ஏறுகிறான், ஏறுகிறான், ஏறிக் கொண்டே இருக்கிறான். கூரை வரையில் அடுக்கடுக்காக அதே மாதிரி மூட்டைகள்! ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கட்டிலின் விரிப்பு. யுத்தத்தில் அடிபட்ட ஊர் எப்படி இருந்தது என்று சொல்வதற்கு டைரக்டர் விட்டோரியோ டி ஸீகாவுக்குப் பீரங்கியும் தேவைப்படவில்லை, பிரசங்கமும் தேவைப்படவில்லை. அரை நிமிஷக் காட்சி. அடகுக் கடைப் படி ஏறியவர்களுக்கு அது போதும்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. அதற்கப்புறம் ஆன்டோனியோவும் அவன் பிள்ளை புரூனோவும் ரோமாபுரித் தெருக்களில் அதைத் தேடி அலைவதுதான் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ என்ற படம்.

புரூனோவை நீங்கள் மறக்கவே மாட்டீர்கள். அரை நிஜார் போட்ட பொடியன். அவனும் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவன்தான். அடகிலிருந்து வந்த சைக்கிளைத் துடைக்கும் போது, அதில் புதிதாக ஒரு சொட்டை விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து, ‘கேட்டிருக்க வேண்டாமா அப்பா?’ என்கிற தோரணையில் பேசுகிறான். குடும்பப் பொறுப்பு சின்ன வயசிலேயே தலையில் ஏறிவிட்ட பிள்ளைகள் நம் தெருவிலும் உண்டே, அதே பெரிய மனுஷத்தனம்! தேடி அலுத்து, கோபத்தில் பிள்ளையை ஓர் அறை அறைந்து விட்டு, அந்தக் குற்றம் மனசை அறுக்க, அவனை ஒரு நல்ல ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறான் தகப்பன். அடுத்த மேஜையில் பணக்காரப் பையன் ஒருவன் கத்தி முள் பிடித்துச் சாப்பிடுகிறான். புரூனோ கையால் எடுத்துக் கடிக்கிறான். பாலாடைக் கட்டி நூலாக நீள்கிறது. திரும்பித் திரும்பி அந்தப் பையனைப் பார்க்கிறான். அப்போது தகப்பன், கிடைக்காமல் போன சம்பளம் கிடைத்திருந்தால் மாசம் எவ்வளவு வந்திருக்கும் என்று பிள்ளையிடம் பென்ஸிலைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்கிறான். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நாம் திண்டாடுகிறோம். முடிவைச் சொல்ல மாட்டேன். கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.

ஆன்டோனியோவாக நடித்த லம்பெர்ட்டோ மாஜோரானி நடிகரே அல்ல, தொழிற்சாலைத் தொழிலாளி. மரியாவாக நடித்த அம்மாள் ஒரு பத்திரிகைக்காரி என்பதை நம் இனத்தைச் சேர்ந்தவர் என்ற பெருமையோடு இங்கே குறிப்பிடுகிறேன். அமெரிக்கப் படமுதலாளி டேவிட் ஸெல்ஸ்னிக், நட்சத்திர நடிகர் கேரி கிராண்டைப் போட்டால் பணம் தருவதாகச் சொன்னாராம். தப்பினோம், போங்கள்! கேரி கிராண்ட் அடகுக் கடை வாசலில் நின்றால் சைக்கிள் வாங்க வந்தவர் என்றல்லவா நினைத்திருப்போம்?

இவ்வளவு புகழ்ந்த படத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. கதை பாதி வருவதற்குள் மரியா காணாமல் போய் விடுகிறாள். விரிப்பை உருவிச் சைக்கிளை மீட்டுக் கொடுத்தவள் அவள். அந்தச் சைக்கிள் போன பிறகு, விரிப்பில்லாத கட்டிலில் உட்கார்ந்து கொண்டு அவள் என்ன நினைத்தாள், அன்று ராத்திரி என்ன சமைத்தாள், எதைக் கொண்டு சமைத்தாள்? டி ஸீகா காட்டவில்லை. ஆண்கள் தெருவில் அலைவதைக் காமிரா பின்தொடர்கிறது. வீட்டில் இருப்பவள் வீட்டிலேயே விடப்படுகிறாள். இந்தக் குறையை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் உபயோகப்படும்.

1952-ல் நம் தேசத்தில் முதல் சர்வதேசப் படவிழா நடந்தபோது இந்தப் படம் இங்கே வந்தது. பம்பாயில் தொடங்கிய அந்த விழா மதராஸுக்கும் வந்தது. அதற்கு மறு வருஷம் பிமல் ராய் ‘தோ பீகா ஜமீன்’ எடுத்ததற்கு இந்தச் சைக்கிள்தான் தூண்டுகோல் என்பார்கள்.

ஆனால் இதைப் பார்த்து விட்டுத் தூக்கம் கெட்டவர் இன்னொருவர் உண்டு. கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சித்திரக்காரராக இருந்த சத்யஜித் ரே, 1950-ல் லண்டனுக்குப் போயிருந்த போது இந்தப் படத்தைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் படம் எடுப்பதென்று முடிவு கட்டினார். கையில் காசு இல்லை. இன்ஷூரன்ஸ் பாலிஸி போயிற்று. ஆசையாகச் சேர்த்த இசைத் தட்டுகள் போயின. கடைசியில் மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. படத்தில் மரியாவின் விரிப்பு. நிஜத்தில் விஜயாவின் நகை. அதுவும் போதாமல் மேற்கு வங்க சர்க்கார் பணம் கொடுத்து, 1955-ல் ‘பாதேர் பாஞ்சாலி’ வெளிவந்தது. ‘பாதையின் பாட்டு’ என்ற பெயரைப் பார்த்து விட்டு, சர்க்கார் கணக்கில் ரோடு போடுகிற இனத்தில் அந்தச் செலவை எழுதினார்கள் என்று ஒரு தமாஷ் இன்றும் சொல்லப்படுகிறது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதாத பேனா கிடையாது. ரயில் காட்சி, மழைக் காட்சி என்று எல்லாரும் எழுதுவார்கள். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது சர்வஜயாவை. பிள்ளைகளின் தாய். புருஷன் ஹரிஹரர் சாது. கவி எழுதுவார், சம்பளப் பாக்கியைக் கேட்க மாட்டார். உலை வைக்கிற கவலை முழுக்க அவளுக்கு. மகள் துர்க்கா பக்கத்துத் தோட்டத்தில் கொய்யாப் பழம் பறித்து வந்தாள் என்று பேச்சு. பிறகு ஒரு பாசிமணி மாலையைத் திருடி விட்டாள் என்று பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்று ஊரைக் கூட்டுகிறாள். அவமானம் தாங்காமல் சர்வஜயா மகளின் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடித்து வெளியே தள்ளுகிறாள். அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுகிறாள்.

அந்த வீட்டில் ஒட்டிக் கொண்டிருக்கும் கிழவி இந்திரை அவள் நடத்துகிற விதம் நமக்கு ரஸிக்காது. பல் போன அந்தப் பாட்டியை அவள் பேசுகிற பேச்சு நம் நெஞ்சைக் குத்துகிறது. ஆனால் இருக்கிற ஒரு பிடி அரிசியை எத்தனை வயிற்றுக்குப் பங்கிடுவது என்று நாள் பூராவும் கணக்குப் போடுகிறவள், தாராள மனசோடு இருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? ரே அவளைத் தேவியாகவும் ஆக்கவில்லை, ராட்சசியாகவும் ஆக்கவில்லை. பாத்திரங்களை ஒவ்வொன்றாக விற்று அரிசி வாங்குகிற ஒரு மனுஷியாக வைத்திருக்கிறார். கருணா பானர்ஜி என்ற அம்மாள் நடித்திருக்கிறார். நடித்திருக்கிறார் என்று சொல்லவே நா கூசுகிறது. அந்தப் பாசிமணி மாலை கடைசியில் எங்கே கிடைக்கிறது, கிடைத்ததும் தம்பி அப்பு அதை என்ன செய்கிறான் என்பதைப் பார்க்கும் போது பக்கத்தில் யாரும் பேசாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

சின்னச் சாமானை வைத்துக் கொண்டு பெரிய கதை சொல்லும் வித்தையில் பிற்காலத்தில் எல்லாரையும் தூக்கி அடித்தவர்கள் ஈரான் தேசத்துக்காரர்கள். குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கென்றே அங்கே ‘கானூன்’ என்று ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. புஸ்தகம் போடுவதோடு படமும் எடுத்தார்கள். அங்கே தயாரான இரண்டு படங்களை நம் வீட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒன்று, மஜீத் மஜீதி 1997-ல் எடுத்த ‘சில்ட்ரன் ஆப் ஹெவன்’. அலி என்ற சிறுவன் தங்கை ஸாராவின் செருப்பைத் தைக்கக் கொடுத்து வாங்கிக் கொண்டு வருகிறான். வழியில் உருளைக்கிழங்கு வாங்கக் காய்கறிக் கடையில் நுழைகிறான். வெளியே வைத்த செருப்புப் பொட்டலத்தைக் குப்பை பொறுக்குகிறவன் தெரியாமல் எடுத்துக் கொண்டு போய் விடுகிறான். வீட்டில் தாயாருக்கு உடம்பு சரியில்லை; வாடகைப் பாக்கி நிற்கிறது. செருப்பு போச்சு என்று அப்பாவிடம் சொன்னால் அடி விழும் என்பது கூடப் பெரிதில்லை. வாங்கிக் கொடுக்க அவரிடம் பணம் இல்லை என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரியும். ஒரே அறையில் அப்பா அம்மா இருக்க, பாடம் எழுதுகிற பாவனையில் அண்ணனும் தங்கையும் நோட்டில் எழுதி எழுதியே சண்டை போட்டு, எழுதி எழுதியே சமாதானம் ஆகிறார்கள். ஏற்பாடு இதுதான்: அவளுக்குக் காலையில் பள்ளிக்கூடம், அவனுக்கு மத்தியானம். அவனுடைய கான்வாஸ் ஷூவைக் காலையில் அவள் போட்டுக் கொண்டு போவது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமாக ஓடி வந்து சந்து முனையில் அவனுக்குக் கழற்றிக் கொடுப்பது.

படம் முழுக்க இரண்டு குழந்தைகள் ஓடுகிறார்கள். அவள் காலுக்குப் பெரிய ஷூ ஒன்று சாக்கடை நீரில் விழுந்து மிதந்து போகும் போது நான் நாற்காலி நுனிக்கு வந்து விட்டேன். எத்தனையோ கார்த் துரத்தல்களைப் பார்த்து அசையாதவள் நான்! இன்னொரு நாள், தன் பழைய செருப்பை வேறொரு சிறுமியின் காலில் ஸாரா பார்த்து விடுகிறாள். அண்ணனும் தங்கையும் அவள் வீடு வரை பின்தொடர்கிறார்கள். கேட்டு வாங்கி வரத்தான் போனார்கள். அந்தச் சிறுமியின் தகப்பனாருக்குக் கண் தெரியாது என்பதைப் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி விடுகிறார்கள்.

அப்பா கோபக்காரர். ஆனால் ஒரு காட்சி. மசூதியில் கொடுத்த சர்க்கரைக் கட்டியை வீட்டில் உட்கார்ந்து தூள் தூளாக உடைக்கிறார். ஸாரா டீ கொண்டு வைக்கிறாள். சர்க்கரை கொண்டு வா என்கிறார். எதிரிலேதான் மலையாகக் குவிந்திருக்கிறதே என்கிறாள் குழந்தை. அது நம்மை நம்பிக் கொடுத்தது, அதில் ஒரு துண்டு எடுக்கக் கூடாது என்கிறார். அந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பி வந்ததன் காரணம் அங்கே தெரிந்து விடுகிறது.

கடைசியில் ஓட்டப் பந்தயம் வருகிறது. மூன்றாம் பரிசு ஒரு ஜோடி ஷூ. முதல் பரிசும் வேண்டாம், இரண்டாவதும் வேண்டாம், எப்படியாவது மூன்றாவதாக வர வேண்டும் என்று ஓடுகிறான் அலி. வந்தானா? பாருங்கள்! இந்தப் படம் ரொம்பத் தித்திப்பு என்று விமர்சகர்களில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. தித்திப்பு இருக்கிறது என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஆனால் மசூதிச் சர்க்கரை அல்ல, சம்பாதித்த சர்க்கரை. இதே கதையை ‘அக்கா குருவி’ என்ற பெயரில் 2022-ல் டைரக்டர் சாமி தமிழில் எடுத்தார். பாரசீகம் வேண்டாம் என்கிற பாட்டிகள் அதைப் பார்க்கலாம். மற்றவர்கள் அசலைப் பாருங்கள்.

இரண்டாவது படம், அப்பாஸ் கியாரொஸ்தமி 1987-ல் எடுத்த ‘நண்பனின் வீடு எங்கே?’. இதில் செருப்பு கூட இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம்தான். வீட்டுப் பாடத்தை நோட்டில் எழுதி வராவிட்டால் அடுத்த தடவை பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தி விடுவேன் என்று வாத்தியார் ஒரு பையனை மிரட்டியிருக்கிறார். அவனுடைய நோட்டு, அட்டை ஒரே மாதிரி இருந்ததால், அகமது என்கிற எட்டு வயதுச் சிறுவனின் பையில் தவறுதலாக வந்து விடுகிறது. நண்பன் இருப்பது பக்கத்துக் கிராமம். குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அவன் நோட்டோடு ஓடுகிறான்.

ஆனால் ஓடுவதற்கு முன்னால் முற்றத்தில் ஒரு காட்சி. அம்மா துணி துவைத்து உலர்த்திக் கொண்டிருக்கிறாள், கைக்குழந்தை அழுகிறது. அகமது விஷயத்தைச் சொல்கிறான். “போய்ப் பாடத்தை எழுது” என்கிறாள். மறுபடியும் சொல்கிறான். குழந்தையைப் பார்த்துக் கொள், ரொட்டி வாங்கி வா என்று வேலை சொல்கிறாள். எத்தனை தடவை எத்தனை விதமாகச் சொன்னாலும் அவள் காதில் அது ஏறவில்லை. அவள் கெட்ட தாயார் அல்ல. கை நிறைய வேலை இருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் காட்சியை நான் பார்த்த போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்னி, “அடப் பாவமே, குழந்தை என்னமோ சொல்கிறதே, நின்று கேளேண்டி!” என்று அந்த ஈரானியப் பெண்ணை அதட்டினாள். படம் முடிந்ததும், மாடியில் நாலு நாளாக ‘எனக்கு ஒன்று சொல்லணும்’ என்று சொல்லிக் கொண்டிருந்த தன் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துக் கொண்டாள். என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

(ஈரானியக் குழந்தைப் படங்களில் ருசி விழுந்து விட்டால், 500 தோமான் நோட்டைச் சாக்கடைக் கம்பிக்குள் தவற விட்ட சிறுமியின் கதையான ‘ஒயிட் பலூன்’ படத்தையும் பாருங்கள். ஜாபர் பனாஹி 1995-ல் எடுத்தது.)

ஏக சோகமாகப் போகிறதே என்கிறீர்களா? சிரிக்க ஒரு படம் சொல்கிறேன். ஜப்பானிய டைரக்டர் யாசுஜிரோ ஓஸு 1959-ல் எடுத்த ‘குட் மார்னிங்’. டோக்கியோ நகரத்தின் ஓரத்தில் அடுத்தடுத்துச் சின்ன வீடுகள். இரண்டு பையன்கள் டெலிவிஷன் பெட்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். அதிகம் பேசாதே என்று அப்பா அதட்ட, “பெரியவர்கள் மட்டும் என்னவாம்? சௌக்கியமா, நல்ல வெயில் என்று அர்த்தமில்லாமல் பேசிக் கொண்டே இருக்கவில்லையா?” என்று எதிர்வாதம் செய்து மௌன விரதம் ஆரம்பித்து விடுகிறார்கள். இதற்கு நடுவில் மாதர் சங்கச் சந்தாப் பணம் காணவில்லை. தலைவி அம்மாள் வீட்டில் புதிதாகத் துணி துவைக்கும் யந்திரம் வந்திருக்கிறது! அப்புறம் கேட்க வேண்டுமா? வேலிக்கு வேலி குசுகுசுப்புத்தான். ஒரு பிளாட்டில் எட்டு வீடு இருக்கிற இடத்தில் குடியிருப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் ஆளுக்கு ஆள் பெயர் வைத்து விடுவார்கள். பையன்களின் வேடிக்கை ஒன்று கொஞ்சம் நாசூக்குக் குறைவானது. குழந்தைகள் அதற்குத்தான் அதிகம் சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே எச்சரித்து விடுகிறேன்.

மறுபடியும் ஒரு சைக்கிள். இது பச்சைச் சைக்கிள். விலை 800 ரியால். ஸவூதி அரேபியாவின் ரியாத் நகரத்தில் வஜ்தா என்ற சிறுமிக்கு இதன் மேல் ஆசை. பெண் பிள்ளை சைக்கிள் விடுவதா என்று தாயார் மறுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் குர்ஆன் ஓதும் போட்டிக்கு 1,000 ரியால் பரிசு என்று தெரிந்ததும், அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத வாயாடிப் பெண் மதப் பாடத்தில் விழுந்து விழுந்து சேர்கிறாள்!

‘வஜ்தா’ 2012-ல் வந்த படம். எடுத்தவர் ஹைபா அல்-மன்சூர் என்ற பெண்மணி. முழுக்க முழுக்க ஸவூதி அரேபியாவிலேயே எடுக்கப்பட்ட முதல் முழு நீளக் கதைப் படம் இதுதான். அப்போது அந்த நாட்டில் பொதுச் சினிமாக் கொட்டகையே கிடையாது. 2018-ல்தான் மறுபடி திறந்தார்கள். நடுத் தெருவில் ஆண்களோடு நின்று ஒரு பெண் வேலை வாங்க முடியாது என்பதால், பல காட்சிகளை ஒரு வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி-டாக்கி மூலம் உத்தரவு கொடுத்தே அந்த அம்மாள் எடுத்து முடித்தார்.

சிறுமியின் கதை போலத் தோன்றினாலும் என் மனசில் நின்றவள் தாயார்தான். அழகி, வேலைக்குப் போகிறவள். ஆனால் கார் ஓட்ட அன்றைக்குப் பெண்களுக்கு அனுமதி இல்லை. அதுவும் 2018-ல்தான் கிடைத்தது. ஆகவே சிடுசிடுக்கிற ஒரு டிரைவரின் தயவில் வேலைக்குப் போய் வருகிறாள். பிள்ளை பெறவில்லை என்பதற்காகப் புருஷன் இரண்டாம் கல்யாணம் செய்து கொள்ளப் போகிறான் என்ற பயம் வேறு. அவன் மனசை மாற்ற ஒரு சிவப்பு உடுப்பு வாங்க வேண்டும் என்று கடையில் அதைப் போட்டுப் பார்க்கிறாள். வீட்டுச் சுவரில் வம்ச விருட்சப் படம் தொங்குகிறது; அதில் ஆண்களின் பெயர் மட்டுமே. வஜ்தா ஒரு காகிதத் துண்டில் தன் பெயரை எழுதி அப்பாவின் பெயருக்குக் கீழே குத்தி வைக்கிறாள். அடுத்தாற்போல் அது பிடுங்கிப் போடப்பட்டிருக்கிறது. யாரும் வசனம் பேசவில்லை. அந்தக் காகிதத் துண்டு பேசுகிறது. சிவப்பு உடுப்பும் பச்சைச் சைக்கிளும் கடைசியில் என்ன ஆகின்றன என்று சொல்லி உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் இல்லை.

இனி உருளைக்கிழங்குக்கு வருவோம்.

‘ஸைட் அண்ட் ஸவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒரு முறை உலகத்து விமர்சகர்களிடம் வோட்டெடுத்து, எல்லாக் காலத்திலும் சிறந்த படம் எது என்று பட்டியல் போடுகிறது. 1952-ல் முதல் முதலாக எடுத்த போது முதல் இடம் நம் ரோமாபுரிச் சைக்கிளுக்குக் கிடைத்தது. 70 வருஷம் கழித்து, 2022-ல், 1,600-க்கும் அதிகமான விமர்சகர்கள் வோட்டுப் போட்டார்கள். முதல் இடத்துக்கு வந்தது, ஒரு பெண் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிற படம்! ஒரு பெண் எடுத்த படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

படத்தின் பெயர் ஒரு வீட்டு விலாசம்: ‘ஜான் தீல்மான், 23 கே து கொமெர்ஸ், 1080 ப்ரூஸெல்’. பெல்ஜியத்துப் பெண்மணி ஷாந்தால் அக்கர்மான் 1975-ல் இதை வெளியிட்ட போது அவருக்கு 25 வயது கூட நிரம்பவில்லை. கூட வேலை செய்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. தாயாரும் சித்தி பெரியம்மாக்களும் வீட்டில் வேலை செய்ததைச் சின்ன வயசில் பார்த்துப் பார்த்து மனசில் பதிந்ததைத்தான் படமாக எடுத்தார். ஜான் தீல்மான் ஒரு விதவை. பள்ளிக்கூடம் போகும் மகனோடு இருக்கிறாள். அவளுடைய மூன்று நாள் வாழ்க்கையை 3 மணி 20 நிமிஷம் காட்டுகிறார்கள். படுக்கையைச் சீர் செய்கிறாள். அறையை விட்டு வெளியே வரும் போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். இறைச்சித் துண்டை மாவில், முட்டையில், ரொட்டித் தூளில் என்று வரிசையாகப் புரட்டுகிறாள். காமிரா அசையாமல், அடுக்களை மூலையில் நிற்கிற நாத்தனார் போல, பார்த்துக் கொண்டே இருக்கிறது. மரியாவின் சமையலறைக்குள் போகாத காமிரா, கடைசியில் இங்கே வந்து உட்கார்ந்து விட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: முதல் முக்கால் மணி நேரம் அலுப்புத் தட்டும். எனக்கும் தட்டிற்று. ஆனால் அதற்குள் அவளுடைய ஒழுங்கு உங்கள் கைக்குப் பழகி விடுகிறது. அப்போது, இரண்டாம் நாள், உருளைக்கிழங்கு குழைந்து போகிறது. அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக் கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடக்கிறாள். வீட்டில் வேறு கிழங்கு இல்லை. வாங்கி வந்து மறுபடி உரிக்க உட்காருகிறாள். கையில் பழைய லாகவம் இல்லை. என்னவோ சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்து விடுகிறது. மூன்றாம் நாள் காப்பியும் சரியாக வரவில்லை. ஆண் ரஸிகர்கள் பல பேர் இந்த இடத்தில் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். பெண்கள் கேட்பதில்லை.

தினம் மத்தியானம் அவள் வீட்டுக்கு யாரோ ஒருவர் வந்து போகிறார். அவர் கொடுக்கிற பணத்தைச் சாப்பாட்டு மேஜை மேல் உள்ள சூப் கிண்ணத்தில் போட்டு மூடி வைக்கிறாள். ஜீவனத்துக்கு அதுதான் வழி. அதனாலும், மூன்றாம் நாள் முடிவில் நடக்கிற பயங்கரத்தாலும், இது குழந்தைகளை வைத்துக் கொண்டு பார்க்கக் கூடிய படம் அல்ல. பள்ளிக்கூடமும் ஆபீஸும் போனவர்கள் போன பிறகு, கதவைத் தாழ் போட்டுக் கொண்டு தனியாகப் பாருங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு நாள் கதையாகப் பார்த்தாலும் பாதகமில்லை. விமர்சகர்கள் கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும்.

குழந்தைகளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை அலியின் ஷூவில் ஆரம்பியுங்கள். பெரியவர்களோடு என்றால் ரோமாபுரிச் சைக்கிள். உருளைக்கிழங்குப் படத்துக்கு உட்காரும் அன்று மட்டும், அடுப்பில் எதையும் வைத்து விட்டு உட்கார வேண்டாம்.